பொதுமக்கள் ஒருவர்

காலை ஆறு மணி. கக்கத்தில் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு, ஒரு முள்வேலியின் சந்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வாழைத் தோப்பு. மார்கழியா தையா என்று இப்போது நினைவில்லை. மேகமலைப் பக்கமிருந்து இறங்கிய குளிர் காதுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எதிர்த் தெருவில் யாரோ சாணம் கரைத்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

நடக்க வேண்டிய மனிதர் வரவில்லை.

அவர் பெயர் செல்லப்பாண்டி. ஜீப் டிரைவர். தினமும் ஆறு மணிக்கு அந்தத் தோப்புக்குள் வந்து பத்துச் சுற்று நடப்பார். எங்கள் பேரூராட்சியின் பில் கலெக்டர் அதை இடமும் நேரமும் பதிகிற கேமராவில் போட்டோ எடுப்பார். நான் பதிவேட்டில் எழுதுவேன். அன்று பில் கலெக்டருக்குக் காய்ச்சல் என்பதால் மொத்த வேலையும் என் தலையில்.

ஒரு மனிதர் காலையில் நடக்க வராவிட்டால் அவர் வீட்டில் கவலைப்படலாம். ஒரு பேரூராட்சி ஏன் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அது வாழைத் தோப்பு அல்ல. சட்டப்படி அது பூங்கா. அது பூங்காதான் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் செல்லப்பாண்டி.

யாரும் படிக்காத ஒரு வரி

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராக நான் இருந்த கடைசி வருடங்கள் அவை. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கிருந்து இன்னும் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருகிறது, அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. கோம்பைக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறவர், அதில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு என்று ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அங்கீகாரம். அந்த இடத்தில் பூங்காவைத் தவிர வேறு எதுவும் வரக் கூடாது. பள்ளிக்கூடம் கட்ட நினைத்தாலும் கூடாது, கோயில் கட்ட நினைத்தாலும் கூடாது. சட்டம் அவ்வளவு கறார்.

எங்கள் ஊரில் வெகுகாலத்துக்கு முன் ஒருவர் அப்படி முப்பது சென்ட் எழுதிக் கொடுத்தார். பத்திரத்தில் தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்திருந்தார். பூங்காவாகப் பயன்படுத்தாவிட்டால் இடம் எனக்கோ என் வாரிசுகளுக்கோ திரும்ப வேண்டும் என்ற வரி. எங்கள் ஆபீசில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கொடுத்தவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த இடத்தில் என்னென்ன இருந்தன என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சிமெண்ட் குழாய்கள், சக்கரம் போன குப்பை வண்டிகள், திருவிழாப் பந்தல் கம்புகள், ஒரு பழைய ரோடு ரோலர். பூங்கா இடத்தில் கட்டடம் கட்டினால்தான் தப்பு, பொருளைப் போட்டு வைத்தால் தப்பில்லை என்பது எங்கள் மன்றத்தின் நம்பிக்கை. எனக்கு முன்னால் இருந்த செயல் அலுவலர்களும் அப்படியே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கொடுத்தவர் காலமானார். மனை விலை ஏறியது. வாரிசுகள் பத்திரத்தைப் படித்தார்கள். ஒரு திங்கட்கிழமை எங்களுக்குச் சம்மன் வந்தது.

குரோட்டன்ஸ் நட்ட கதை

இதற்கு நடுவில் ஒரு பழைய விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு ஊரில் இருந்தேன். அங்கே பூங்காவுக்கு முதலில் திறப்பு விழாக் கல்வெட்டைத்தான் வைத்தோம். பூங்கா வரவில்லை. கல்வெட்டைச் சுற்றி அருகம்புல் முளைத்தது. அதைக் காட்டி "பசுமைப் பணி முன்னேற்றத்தில் உள்ளது" என்று மூன்று வருடம் அறிக்கை அனுப்பினேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பூங்கா அனுபவம் அவ்வளவுதான்.

எங்கள் வக்கீல் சொன்னது எளிமையான யோசனை. "கோர்ட்டில் இருந்து ஆள் பார்க்க வருவாங்க. வரும்போது பூங்கா இருக்கணும். செடி வையுங்க, முதல்ல செடி வையுங்க."

ரோடு ரோலரை இழுத்து அப்புறப்படுத்தவே இரண்டு நாள் ஆனது. அது போன இடத்தில் ஒரு குட்டையே இருந்தது. மண்ணடித்து நிரவினோம். நர்சரியில் இருந்து ஒரு வேன் நிறையக் குரோட்டன்ஸ் செடி வந்தது. நட்டுத் தண்ணீர் விடும் பொறுப்பைத் துப்புரவு மேற்பார்வையாளர் காதர் பாயிடம் கொடுத்தேன். அந்தத் தெருக்காரர்களை வைத்தே செய்துவிடுகிறேன் என்றார்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். குரோட்டன்ஸ் ஒன்றுகூட இல்லை. கயிறு பிடித்து அளந்தது மாதிரி வரிசை வரிசையாக வாழைக் கன்று.

"என்ன பாய் இது?"

"நானும் சொல்லிப் பாத்தேன் சார்," என்றார் காதர் பாய். "பூக்காது, காய்க்காது, ஆடு கூடத் திங்காது, இதுக்கு எவன் தண்ணி பாய்ச்சுவான்னு கேக்குறாக. கேக்குறதுல ஞாயம் இருக்குல்ல சார்."

"குரோட்டன்ஸ் எங்கே?"

"ஆளுக்கு ரெண்டு வீட்டு வாசல்ல வச்சுக்கிட்டாக. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு."

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் கையில் உழுத மண்ணைக் கொடுத்து, இதில் பிரயோசனமில்லாத ஒன்றை நடு என்று சொன்னால் அந்தக் கை கேட்காது. அதை நான் யோசித்திருக்க வேண்டும். நானே தேவதானப்பட்டிக்காரன், அரைக் காணி மாந்தோப்புக்காரர் மகன்.

கோபத்தோடு தலைவரை அழைத்து வந்து காட்டினேன். எங்கள் தலைவர் தங்கவேல் வாழைக்காய் மண்டி நடத்துகிறவர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"திசு வாழையா பாய்?"

"ஆமாண்ணே."

"இடைவெளி கொஞ்சம் பத்தாது. சரி, போகட்டும். பச்சைன்னா எல்லாம் பச்சைதானே சார்."

பூட்டும் நாயும்

கோர்ட்டில் இருந்து உடனே யாரும் வரவில்லை. வாய்தா மேல் வாய்தா. வாழைக்கு அதெல்லாம் தெரியாதே, அது வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது. குலை தள்ளியது.

அந்தச் சமயம் பார்த்துத் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். பேரூராட்சி நிலத்தில் விளைகிற எதையும் ஏலம் விடாமல் வைத்திருக்கக் கூடாது. புளிய மரத்தில் இருந்து தேங்காய் வரைக்கும் அதே விதிதான். ஆகவே பூங்காவின் மகசூலை ஏலம் விட்டோம். ஏலம் எடுத்தவர் தன் மகசூலைக் காப்பாற்ற முள்வேலி போட்டு, கேட்டைப் பூட்டி, கோம்பையில் இருந்து ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். செம்மண் நிறம். வாசல் பக்கம் யார் நின்றாலும் அதற்கு ஆகாது. என்னைக் கண்டால் சுத்தமாக ஆகாது.

ஆக, பூங்கா இல்லை என்ற வழக்கை ஜெயிப்பதற்காக, பூங்காவுக்குள் யாருமே நுழைய முடியாதபடி நாங்களே முறைப்படி செய்து முடித்தோம். ஒவ்வொரு படியிலும் விதி சரியாக இருந்தது. எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் என் கையெழுத்தைப் பார்க்கலாம்.

இந்த நாட்களில்தான் ராஜாத்தி என்ற பெண் ஆபீசுக்கு வந்துகொண்டிருந்தார். செல்லப்பாண்டியின் மனைவி. செல்லப்பாண்டி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுகிற ஜீப்பின் டிரைவர். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கை கொஞ்சம் தேறியது. கால் தேறவில்லை.

"சார், டாக்டரு சமதளமா பாத்து நடக்கச் சொல்றாக," என்றார் ராஜாத்தி. "எங்க தெருவே ஏத்தம். மெயின் ரோட்டுல லாரி. அந்தப் பார்க்கு எடத்துல கொஞ்சம் நடக்க விட்டா போதும் சார். மொத ஆறு மாசத்துல நடந்தாத்தான் காலு திரும்பும், அப்புறம் கஷ்டம்னுட்டாக."

வழக்கு நிலுவையில் உள்ளதால் தங்கள் கோரிக்கை குறித்து நடவடிக்கை எடுக்க இயலாது என்று பதில் எழுதினேன். அவர் மறுபடி மனு கொடுத்தார். மறுபடி அதே பதில். தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்று கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆறு மாதத்தில் எத்தனை போய்விட்டது என்று ஒரு தடவைகூட நான் எண்ணிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கமிஷனர் வந்த காலை

கோர்ட் ஒருவழியாக ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. இடத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்க வேண்டியது அவர் வேலை. டெல்டாப் பக்கத்து இளம்பெண், கண்ணாடி, கையில் கிளிப் அட்டை. வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று விடியலிலேயே வந்துவிட்டார்.

கேட்டில் பூட்டு. சாவி ஏலம் எடுத்தவரிடம். அவர் கேரளாவில். போன் எடுக்கவில்லை. நாய் மட்டும் எடுத்த எடுப்பில் பதில் சொன்னது.

"உங்க பூங்காவுக்கு உங்ககிட்ட சாவி இல்லையா சார்?" என்றார் கமிஷனர்.

"நிர்வாகக் காரணம், மேடம்," என்றேன். இருபத்தொன்பது வருடச் சர்வீசில் என்னைக் கைவிடாத இரண்டு சொற்கள் அவை.

அவர் எழுதிக்கொண்டார். வேலியைச் சுற்றி நடந்தோம். வாய்க்கால் பக்கம் போனபோது உள்ளே இருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு. காலத் தூக்குங்க, இழுக்காதீக. நாப்பத்திமூணு."

வேலியில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சந்து. அதன் அடியில் காலடி பட்டுத் தேய்ந்த தடம். கமிஷனர் யோசிக்காமல் குனிந்து நுழைந்தார். வேறு வழியில்லாமல் நானும்.

உள்ளே வாழை வரிசைக்கு நடுவே, பழைய சேலையைக் கிழித்து முறுக்கி, குலைக்கு முட்டுக் கொடுத்த கம்புகளில் நீளக் கட்டியிருந்தார்கள். அதை வலது கையால் பிடித்தபடி செல்லப்பாண்டி நடந்துகொண்டிருந்தார். இடது கால் அரை வட்டம் போட்டு முன்னால் வந்தது. சட்டை முதுகெல்லாம் வியர்வை. ராஜாத்தி பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனார். கேட்டில் அப்படிக் குரைத்த நாய், கயிறு எட்டிய மட்டும் வந்து செல்லப்பாண்டியைப் பார்த்து வாலை ஆட்டியது.

ராஜாத்தி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். திருட்டுத்தனமாகப் புகுந்ததற்குப் போலீசில் கொடுப்பேன் என்று பயந்திருக்க வேண்டும். வேறு ஒரு நாளாக இருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

"இவங்க யாரு?" என்றார் கமிஷனர்.

எனக்குச் செல்லப்பாண்டியின் முகம் அதுவரை தெரியாது. ஆனாலும் வாயில் சரியான சொல் வந்தது.

"பொதுமக்கள், மேடம்."

உள்ளது உள்ளபடி

கமிஷனரின் அறிக்கையை நான் பல தடவை படித்திருக்கிறேன். குலை தள்ளிய வாழை மரங்கள். முள்வேலி. பூட்டிய கேட் ஒன்று. கட்டப்பட்ட நாய் ஒன்று. அதன் கீழே, "பொதுமக்கள் ஒருவர் நடைப்பயிற்சி மேற்கொள்வதைக் கண்டேன்" என்று ஒரு வாக்கியம். துணைக்கு எண்ணியவரை அவர் நடைப்பயிற்சியில் சேர்க்கவில்லை.

எங்கள் வக்கீல் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். பயன்பாடு இருக்கிறது, ஆகவே பூங்கா இருக்கிறது என்றார். அது ஏற்பாடு செய்த ஆள் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. வழக்கு முடியும்வரை இடம் அறிக்கையில் உள்ளது உள்ளபடியே நீடிக்க வேண்டும், பொதுப் பயன்பாடு தொடர்வதற்குப் பேரூராட்சி ஆதாரம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அன்று தொடங்கியது கூத்து. உள்ளது உள்ளபடி என்றால் குலையை வெட்டக் கூடாது. பழம் மரத்திலேயே பழுத்து வௌவாலுக்கும் அணிலுக்கும் போனது. ஏலம் எடுத்தவர் சாவியை என் மேஜை மேல் எறிந்துவிட்டுப் போனார். சாவி கிடைத்தும் கேட்டைத் திறக்க முடியவில்லை, ஏனென்றால் அறிக்கையில் அது பூட்டிய கேட். நாயையும் அவிழ்க்க முடியவில்லை. காதர் பாய்தான் அதற்குச் சோறு வைத்தார். அது நாலு குட்டி போட்டபோது எங்கள் வக்கீலிடம் கருத்துக் கேட்டுக் கடிதம் எழுதினேன். இயற்கை நிகழ்வு, உத்தரவை மீறியதாகாது என்று எழுத்திலேயே பதில் தந்தார். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது.

வேறு சிலரையும் நடக்க வைத்தால் என்ன என்று தலைவர் கேட்டார். வக்கீல் பதறிவிட்டார். "ஒருவர்னு இருக்கு. கூட்டினா ஏற்பாடுன்னு ஆகிடும். அந்த ஆள் நடந்தாப் போதும். ஆனா தினமும் நடக்கணும்."

ஆறு மாதமாக மனு கொடுத்தும் உள்ளே விடாத மனிதரை இப்போது ஒரு நாளும் தவறாமல் உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சினோம். மழை நாளில் குடை கொடுத்தனுப்பினோம். ஒரு தடவை அவருக்குச் சளி பிடித்தபோது தலைவரே ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

தேறிவிட்ட கால்

அவர் நடந்தார். முதலில் சேலைக் கயிறு தேவைப்படாமல் போனது. பிறகு ராஜாத்தி எண்ணுவதை நிறுத்தினார். பில் கலெக்டரின் போட்டோக்களை வரிசையாகப் பார்த்தால் அந்த இடது கால் கொஞ்சம் கொஞ்சமாக நேராவது தெரியும். பூங்காவுக்கான ஆதாரம் என்று எடுத்த போட்டோக்கள்தான். ஒரு கால் திரும்பிய கதையும் அதில் இருந்ததை ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

ஒரு நாள் புருசனும் பெண்டாட்டியுமாக ஆபீசுக்கு வந்தார்கள். தலைவரும் இருந்தார்.

"டாக்டரு வண்டி எடுக்கலாம்னு சொல்லிட்டாக சார்," என்றார் செல்லப்பாண்டி. "வர்ற திங்கக்கெழமையில இருந்து போறேன். வெள்ளன கெளம்பணும். இனி வர முடியுமான்னு தெரியல."

தலைவரின் முகம் விழுந்துவிட்டது. "நல்ல சேதிதான்ப்பா. ஆனா இன்னும் ஒரே ஒரு வாய்தா பொறுத்துக்கிட்டா என்ன? ஒடம்பையும் பாத்துக்கணும்ல?"

ராஜாத்தி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நடக்கணும்னு கேட்டப்ப கேஸு இருக்குன்னு விடல. இப்ப கேஸு இருக்குன்னு நிக்கச் சொல்றீக. எங்க வீட்டுக்காரரு நல்லாயிட்டாரு சார். ஒங்க கோர்ட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டாம்ப் பேடை மூடித் திறந்துகொண்டிருந்தேன். தலைவர் ஏதோ சமாதானம் சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. இடம் கைவிட்டுப் போனால் அந்த நாலு மாதத்தில் என் பெயரில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். அதுவும் எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை

அதனால்தான் அன்று காலை ஆறு மணிக்கு அந்த வேலிச் சந்தில் நின்றேன். வரமாட்டார் என்று தெரியும். தெரிந்தும் நின்றேன். பதிவேட்டில் வரிசை எண்ணைப் போட்டுவிட்டு, மேற்கொண்டு எழுதாமல் பேனாவை மூடினேன்.

ஆறே கால் இருக்கும். வாய்க்கால் ஓரமாக ஒரு ஜீப் வந்து நின்றது. உள்ளே நெருக்கியடித்துப் பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. டிரைவர் சீட்டில் இருந்து செல்லப்பாண்டி இறங்கினார். இடது காலை முதலில் ஊன்றி, நிற்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு.

"மொத நாளு சார். டீசல் போடப் போயி நேரமாகிருச்சு," என்றார். "நம்மால எடம் போச்சுன்னு இருக்கக் கூடாது. வெரசா சுத்திட்டு வந்துர்றேன்."

அவர் சந்தில் குனிந்து உள்ளே போனார்.

ஜீப்பில் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "எம்புட்டு நேரம்ணே ஆகும்?"

"பத்துச் சுத்து," என்று உள்ளே இருந்து குரல்.

"அதுவரைக்கும் இந்த இடுக்குல உக்காந்தா காலு மரத்துப் போகும். எறங்குங்கடி."

எல்லோரும் இறங்கினார்கள். நான் வக்கீல் சொன்னதை நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் முதல் ஆள் சந்துக்குள் போய்விட்டார். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, முள்ளில் மாட்டிய சேலையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாய் இரண்டு தடவை குரைத்துவிட்டு ஓய்ந்தது. குட்டிகள் அவர்கள் காலுக்கு நடுவே ஓடின. செல்லப்பாண்டி முன்னால் நடக்க, பின்னால் அத்தனை பேரும் தூக்குவாளியோடு, மேஸ்திரியைப் பற்றியும் பஸ் பாஸ் பற்றியும் பேசிக்கொண்டு வாழை வரிசையைச் சுற்றினார்கள். நாலாவது சுற்றில் யாரோ எதற்கோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

பத்துச் சுற்று முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெண் என் முன் நின்றார். நாற்பது வயது இருக்கும். முந்தானையில் முள் கிழித்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் அடுத்த தெருதான் சார். வாக்கப்பட்டு வந்து இருவது வருசமாச்சு. இங்கன உள்ளுக்குள்ள இம்புட்டு எடம் கெடக்குன்னு யாருமே சொல்லலையே. இது யாரு எடம்?"

"பூங்கா," என்றேன். "உங்களோடதுதான்."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். செல்லப்பாண்டி ஹார்ன் அடித்தார்.

"அப்ப நாளைக்கும் வரலாமா?"

வக்கீல் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் ஜீப் குமுளியைத் தாண்டியிருக்கும்.

"வாங்கம்மா," என்றேன். "வேலி வழியா வேண்டாம். நாளைக்குக் கேட் திறந்திருக்கும்."